பீரோவைத் திறந்து வையுங்கள்
அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் பள்ளியில் இருக்கிற கதைப் புத்தகங்கள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போக வேண்டும். நூலகப் பாடவேளையில் புரட்டிவிட்டு, மணியடித்ததும் திருப்பி அடுக்கினால் போதாது. புத்தகம் பள்ளிப் பையில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தம்பி தங்கையின் கைபட்டு, ஓரம் மடங்கி, சில நாள் கழித்துத் திரும்பி வர வேண்டும். வாரத்துக்கு ஒரு புத்தகம், அதுவும் பிள்ளை தானே எடுத்ததாக இருக்க வேண்டும். இது நடக்கிற பள்ளியில் எழுத்துக்கூட்டுகிற சிரமமும் எழுத்துப் பிழையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை ஆசிரியராக இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது கூப்பிடுகிற பள்ளிகளுக்கெல்லாம் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். புத்தகமே இல்லாத பள்ளி என்று ஒன்றைப் பார்த்த நினைவில்லை. தலைமையாசிரியர் அறையில் சுவரோரமாக நிற்கிற இரும்பு பீரோவுக்குள் புத்தகங்கள் இருக்கின்றன. மேல் தட்டில் பழைய வினாத்தாள் கட்டு, கீழ்த் தட்டில் ஸ்கிப்பிங் கயிறும் காற்றுப் போன பந்தும், நடுத்தட்டுகளில் கதைப் புத்தகங்கள். வந்தபோது கட்டியிருந்த சணல்கூடச் சில கட்டுகளில் அவிழ்க்கப்படவில்லை. பதினாறு பக்கத்தில், பக்கம் முழுக்கப் படத்தோடு, ஆறு வயதுப் பிள்ளைக்கென்றே எழுதி வரைந்து அச்சடித்த புத்தகம் அந்தப் பிள்ளையின் வகுப்பறைக்கு இருபதடி தூரத்தில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

நீங்கள் ஏன் பூட்டுகிறீர்கள் என்பதும் தெரியும். அக்கறையில்லாமல் யாரும் பூட்டவில்லை. ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. மாறுதலிலோ ஓய்விலோ போகிற நாளில் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வரிசையாக எண்ணிப் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் புத்தகம் கொடுத்து வந்தவர். மாறுதல் ஆணை வந்தபோது கணக்கில் சில புத்தகங்கள் குறைந்தன. கைக்காசைப் போட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் விடுவிப்பு வாங்கினார். அடுத்த பள்ளியில் அவர் செய்த முதல் வேலை, நூலக பீரோவின் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் கொடுத்தவரைத் தண்டித்து, கொடுக்காதவரை நிம்மதியாக வைத்திருக்கிறது நம்முடைய நடைமுறை. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத பீரோவைக் கணக்கு பார்த்தால் ஒரு புத்தகமும் குறையாது. அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் ஒரு கதைகூடப் படிக்காமல் பள்ளியைவிட்டுப் போனார்கள் என்று கேட்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் நூலகங்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. 215ஆம் விதி. ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஒவ்வோர் ஆயிரம் புத்தகத்துக்கும் ஐந்து தொலைந்து போவதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மற்றபடி, புழங்குகிற நூலகத்தில் கொஞ்சம் தொலையத்தான் செய்யும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. இந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். ஆனால் தொலையும் புத்தகம் குற்றத்துக்கு அடையாளம் என்ற எண்ணம் நிதித்துறை எழுதிய விதியிலேயே இல்லை என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே பேசுவதும் பெரியவர்கள் பயன்படுத்துகிற நூலகங்களைப் பற்றி. ஆறு வயதுக் கைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்பதுதான் நியாயம். சாக்பீஸ் தேய்ந்து தீர்ந்தால் எந்த ஆசிரியரிடமும் யாரும் காசு கேட்பதில்லை. இருபது முப்பது ரூபாய்ச் சிறார் புத்தகத்தையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

புத்தகத்தைப் பூட்டாமல் புழங்கவிட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்ததும் இல்லை. நூலகத் துறைக்கே விதி வகுத்துக் கொடுத்த எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. புத்தகம் இருப்பதே பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போது அவர் எடுத்துச் சொல்கிறார். அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வைத்தார். தார்ச்சாலை அரிதாக இருந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பமாக இருந்த ஊர்களுக்குப் புத்தகத்தை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து நூலகத்துக்கென்று வரி வசூலிக்க வழி செய்தது. இத்தனை செய்த மண்ணில் பள்ளிக்கூட பீரோவுக்கு இத்தனை பெரிய பூட்டு பொருந்தவில்லை.

பயம் உங்கள் தனிப்பொறுப்பிலிருந்து வருவதால், பொறுப்பைப் பங்கு போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு உங்களிடம் இருக்கிறது. அதில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதே சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ், கதைப் புத்தகம் உள்ளிட்ட நூல்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானத்தை வையுங்கள்: பள்ளி நூலகப் புத்தகங்களை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், வழக்கமான புழக்கத்தில் கிழியும், தொலையும் புத்தகங்களுக்காக ஆசிரியரிடமோ பிள்ளையிடமோ பணம் வசூலிப்பதில்லை, ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் படித்து, பதிவேட்டிலிருந்து நீக்கும்படி அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கிறோம்.

தீர்மானம் போட்டதும் எல்லாம் முடிந்துவிடாது. நீக்கத்துக்கு மேலிடத்து ஒப்புதல் தனியாக வேண்டும். ஆனால் பெற்றோர்கள் கையெழுத்திட்ட தீர்மானமும் ஆண்டுப் பட்டியலும் கோப்பில் இருந்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். வேறு ஒரு நன்மையும் உண்டு. “கிழிச்சிட்டா அபராதம் கேப்பாங்க, கொண்டு வராதே” என்று பிள்ளையைத் தடுக்கிற அம்மாக்கள் நிறையப் பேர். பணம் கேட்க மாட்டோம் என்பதை அவர்கள் கூட்டத்தில் காதாலேயே கேட்டுவிடுவார்கள்.

இனி, கொடுக்கிற முறை. உங்கள் பள்ளிகளில் நூலகர் பணியிடம் கிடையாது. இருக்கிற இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கு எமிஸ் இணையதளப் பதிவுகளும் பயிற்சிகளும் கணக்குகளும் தலைக்கு மேல் இருக்கின்றன. அதனால் இந்த வேலையை ஆசிரியர் செய்யவே கூடாது, பிள்ளைகள் செய்ய வேண்டும். நான் அடிக்கடி போகிற ஒரு நடுநிலைப் பள்ளியில் மதிய உணவு முடிந்து கைகழுவியதும் இரண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் பாய் விரிக்கிறார்கள். தூணுக்குத் தூண் கட்டிய கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்பு போட்டுப் புத்தகங்களை அட்டை தெரியத் தொங்கவிடுகிறார்கள். கயிறு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டுதான் வழங்கல் பதிவேடு. தேதி, பெயர், புத்தகம், திரும்பி வந்ததா என்று நான்கு பத்தி. பெயர் எழுதத் தெரியாத பிள்ளைக்கு அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு: ஒருத்திக்கு மீன், ஒருவனுக்கு ஏணி. ஆசிரியர் வாரக் கடைசியில் ஒரு முறை நோட்டைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அங்கே மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரே யானைக் கதையை வாராவாரம் எடுத்துப் போனாள். நோட்டு எழுதும் பெரிய பிள்ளை “வேற எடுடி” என்று அதட்ட, ஆசிரியை குறுக்கிட்டு அதையே கொடுக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்தச் சிறுமி அந்தக் கதையைப் புத்தகத்தைப் பார்க்காமலேயே ஒப்பித்தாள். அதன் பிறகு பார்த்துப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று அவளே பொருத்திக்கொண்டு. அடுத்த வாரம் வேறு புத்தகம் கேட்டாள்.

திரும்பத் திரும்ப ஒரே புத்தகம் ஏன் உதவுகிறது என்பதற்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. பிள்ளை வீட்டில் கேட்கிற தமிழும் புத்தகத்தில் பார்க்கிற தமிழும் வேறு வேறு. “அவங்க போனாங்க” என்று பேசுகிற பிள்ளை “அவர்கள் சென்றனர்” என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்த பிறகும் பொருள் விளங்காமல் நம் முகத்தைப் பார்க்கும். எழுத்து தெரிகிறது, சொல் தெரியவில்லை. இதைப் பாடப் புத்தகம் மட்டும் சரிசெய்துவிட முடியாது. எழுத்துத் தமிழைப் பிள்ளை காதால் நிறையக் கேட்டிருக்க வேண்டும். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்துக் கதை வாசித்து அந்தப் பழக்கத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வந்து களைத்துப் படுக்கிற, எழுத்தறியாத தாயின் பிள்ளைக்கு அதைச் செய்ய உங்களைவிட்டால் ஆளில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும், அல்லது பிற்பகல் முதல் மணியில், ஆசிரியர் ஒரு கதையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கதையை நம் வாய்மொழியில் சொல்வதும் நல்லதுதான், அது வேறு. இங்கே புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு. புரியாத இடத்தில் நிறுத்திப் பேச்சுத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போங்கள். கேள்வி கேட்கத் தேவையில்லை. காலையில் நீங்கள் வாசித்த புத்தகத்தை மத்தியானம் கயிற்றில் மாட்டி வையுங்கள். அதற்குத்தான் முதல் போட்டி நடக்கும்.

வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியமாக, பள்ளியின் வகுப்புநிலைக்கு ஏற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க இடமிருக்கிறது. புத்தகம் நேரடியாக அனுப்பப்பட்டாலும் சரி, தேர்வு உங்கள் கையில் இருந்தாலும் சரி, வந்ததை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். “மரத்தினடியிலமர்ந்து” என்று சேர்த்து அச்சடித்த புத்தகம் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. “மரத்தின் அடியில் அமர்ந்து” என்று பிரித்து, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியாக இருப்பதைத்தான் அது படிக்கும். பொது அறிவுத் தொகுப்பும் நீதிபோதனைத் திரட்டும் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வெளியிட்ட சிறு புத்தகங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அவை உங்கள் பீரோவில் இருந்தால் அவற்றிலிருந்தே தொடங்கலாம். துறை நடத்துகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மேல் வகுப்புக்கு உதயசங்கர், ஆயிஷா நடராசன், விஷ்ணுபுரம் சரவணன் எழுதியவை இருக்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, பாலியல் தொல்லையைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று நாம் திணறுகிற இடத்தில் கைகொடுக்கும். அதற்கு 2020ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்செடுக்கலாம், அதற்கு உரிமமே இருக்கிறது. உங்களுக்கென்று ஒன்று வேண்டுமானால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யைப் படியுங்கள்.

பிள்ளை படித்து முடித்ததும் தயவுசெய்து சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப்பக்கம் எழுத வேண்டும் என்றால் பிள்ளை மெலிந்த புத்தகமாகத் தேடும், அப்புறம் தேடுவதையே விட்டுவிடும். எழுத விரும்புகிற பிள்ளை எழுதட்டும், வரையத் தெரிந்தது வரையட்டும். யார் அதிகம் படித்தார்கள் என்று பரிசு கொடுப்பதும் வேண்டாம் என்பது என் கருத்து. பரிசு கிடைக்காத பிள்ளைக்குத்தானே புத்தகம் அதிகம் தேவைப்படுகிறது? வாசிப்பு தினத்தில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்புவதைக் காட்டிலும், ஆரவாரமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் பத்துப் பிள்ளைகள் பையில் புத்தகத்தோடு வீட்டுக்குப் போவது பெரிய காரியம்.

புத்தகம் கிழியும். அதற்கும் வேலையிருக்கிறது. மாதத்தில் ஒரு பிற்பகல் கிழிந்தவற்றையெல்லாம் கொட்டி, மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, முதுகுக்குக் காடாத்துணிப் பட்டி ஒட்டி, மேலே பழைய காலண்டர் தாளில் அட்டை போடச் சொல்லுங்கள். பசையில் ஒரு துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அதைப் பெரியவர்கள் கலக்கட்டும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். தன் கையால் ஒட்டிய புத்தகத்தைப் பிள்ளை பத்திரமாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஒட்டவே முடியாதபடி கிழிந்தது இருந்தால் அந்தப் புத்தகம் நன்றாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதே புத்தகத்தில் இன்னும் இரண்டு பிரதி வாங்கிவிடுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதற்கு உங்களில் பலர் தயங்குவீர்கள் என்று தெரியும். கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடும்போது ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். ஏப்ரலில் வாக்கியம் படித்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஜூனில் மறுபடி எழுத்துக்கூட்டுவதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது. அந்த விடுமுறையில் பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் கண்ணில் படுகிற அச்சுத்தாள் மளிகைக் கடைப் பொட்டலம் மட்டும்தான். புத்தகம் கொடுக்க மிகவும் பயப்படுகிற காலமும் அதுதான், மிகவும் தேவைப்படுகிற காலமும் அதுதான். சில புத்தகங்கள் ஊருக்குப் போன மாமா வீட்டிலேயே தங்கிவிடும். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய் உறுப்பினராக்கிவிடுங்கள். நூலகரைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வையுங்கள். முன்பின் தெரியாத கட்டடத்துக்குள் எட்டு வயதுப் பிள்ளை தானாக நுழையாது.

எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் கொடுத்து வெள்ளி வாங்குங்கள். முதல் மாதம் ஐம்பது புத்தகம் போதும், அதில் எத்தனை திரும்பி வந்தன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கையும் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலையும் குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துப் போய்ப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அலுவலகத்திலிருந்து வருகிற சுற்றறிக்கையைவிட, உங்களைப் போலவே பதிவேட்டைச் சுமக்கிற இன்னொருவர் சொல்வதைத்தான் அவர் நம்புவார். நோட்டில் கோடு போட, புத்தகத்துக்கு எண் ஒட்ட, முதல் வாரம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், நாங்கள் வருவோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்